சாட்சித் துண்டு

காலைச் சாப்பாடு அவித்ததுதான். இட்லி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, உப்புக் கஞ்சி. துடைப்பர் குடியிருப்பில் வாணலி என்றொரு பாத்திரமே கிடையாது. தையல்நாயகி இரண்டு இட்லியைப் புளித்தண்ணீரில் நனைத்து விழுங்கினாள். ஒட்ட வெட்டிய தலையில் வெள்ளைத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வரிசையில் போய் நின்றாள்.

வாசலில் குமுதவல்லி உட்கார்ந்திருந்தாள். துணிக் கிடங்குக்கும் கைச்சோதனைக்கும் அவள்தான் பொறுப்பு. ஒவ்வொருத்தியும் இரண்டு உள்ளங்கையையும் குளிர்ந்த தகட்டில் அழுத்தி எடுக்க வேண்டும். பிறகு குமுதவல்லி அதன்மேல் நீராவியை ஊதுவாள். ஆவி ஒரே சீராகப் படிந்தால் போகலாம். கொஞ்சம் திட்டுத் திட்டாக நின்றாலும் சாம்பல் தண்ணீரில் கை கழுவிவிட்டு வரிசையின் கடைசிக்குப் போக வேண்டியதுதான்.

"ஏண்டி ஜெசிந்தா, என்னா மூஞ்சி மினுக்குது? மாப்பிள்ளை பார்த்துட்டுப் போனானா?"

"வேர்வைக்கா."

"வேர்வைன்னா வழியும். மினுக்காது. போய்க் கழுவிட்டு வா."

வரிசையில் சிரிப்பு ஓடியது. ஜெசிந்தா முனகிக்கொண்டே தொட்டிப் பக்கம் போனாள். தையல்நாயகி கையை வைத்தாள். ஆவி பால் மாதிரி படிந்தது. குமுதவல்லி சிவப்பு நூல் தைத்த இரண்டு துணிகளை அவளிடம் நீட்டினாள். ஒவ்வொருத்திக்கும் ஒரு நிறம். யார் துணி யாருடையது என்பதில் குழப்பம் வரக்கூடாது.

ஊரின் கிழக்கே சுவர் நின்றது. அதற்கு அந்தப் பக்கம் கடல், ஐந்தாள் உயரத்துக்கு. நாகப்பட்டினத்தில் மிச்சமிருந்தது ஒரு மேடும் அதைச் சுற்றிய பள்ளத் தெருக்களும்தான். அவற்றைக் காத்து நின்றவை அந்தச் சுவரின் இருநூற்று நாற்பது தகடுகள், ஒளி புகும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். பழைய ஆலைகளிலும் ரயில் நிலையக் கூரைகளிலும் விமான நிலையங்களிலும் கழற்றிக் கொண்டுவந்தவை. புதிதாக பிளாஸ்டிக் செய்ய உலகில் இப்போது ஆளும் இல்லை, சரக்கும் இல்லை. இருக்கிற தகட்டை இருக்கிற தகட்டோடு ஒட்டித்தான் பிழைக்க வேண்டும்.

தகடு உடைவதில்லை. விட்டுக்கொடுப்பது இணைப்புதான். பசை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது பிடிக்கிற முகம் சுத்தமாக இல்லாவிட்டால் அத்தனையும் வீண். அதனால் துடைப்பு வேலைக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. பனஞ்சாற்றிலிருந்து வடித்த கரைப்பானில் ஒரு துணியை நனைத்து மேலிருந்து கீழாக ஒரே ஒரு இழுப்பு. அது காய்வதற்குள் இரண்டாவது, உலர்ந்த துணியால் அதே தடத்தில் இன்னொரு இழுப்பு. காய விட்டுவிட்டால் கரைந்த அழுக்கு கரைந்த இடத்திலேயே திரும்பப் படியும். பிறகு நுண்மணலால் உரசி மறுபடியும் துடைக்க வேண்டும். கடைசியாக நீர்ப்படலச் சோதனை. முகத்தில் தண்ணீரை ஓட விட்டால் அது கிழியாத படலமாக இறங்க வேண்டும். முத்து முத்தாக உருண்டு நின்றால் எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

துடைப்பவர்கள் எண்ணெய் தொடக்கூடாது. தலைக்கு இல்லை, சோற்றுக்கு இல்லை, விளக்குக்கும் இல்லை. எண்ணெய் தேய்த்த பிள்ளையை வாரி அணைத்துவிட்டு அப்படியே வேலைக்கு வரவும் முடியாது. கையுறை என்று ஒன்று இருந்ததாகச் சொல்வார்கள். ரப்பரோடு அதுவும் போயிற்று. பதினான்கு வயதில் கை வறண்ட பெண்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து மேட்டிலுள்ள குடியிருப்புக்குக் கூட்டிப்போவார்கள். தையல்நாயகி அப்படிப் போய்ப் பதினேழு வருடம் ஆகிறது.

"தண்ணி இறங்குறதைப் பாருங்க" என்றார் இணைப்புப் பரிசோதகர் நெய்னா முகமது. அன்று துடைத்த முகத்தின் முன்னே அவர் குந்தியிருந்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இருநூத்திப் பன்னெண்டுல இறங்கின மாதிரி இல்ல. அன்னைக்குப் பட்டுப் புடவைய உதறின மாதிரி விழுந்துச்சு. தையலு, அதுக்கு என்னம்மா பண்ணின?"

"எப்பவும் பண்றதுதான் சார்" என்றாள் அவள், தலையைக் குனிந்துகொண்டு.

இருநூற்றுப் பன்னிரண்டு ஓர் இணைப்பின் எண். அதைப் பற்றி யார் பேசினாலும் அவளுக்குப் பெருமையும் துக்கமும் ஒன்றாக வரும். அது அவள் அம்மா செத்த வாரம் துடைத்தது.

வைகாசியில் ஒரு மத்தியானம் சுவரில் நிற்கும்போதே செய்தி வந்தது. அப்படியே ஓடினாள். கீழத்தெருவில் தம்பி முத்துக்குமரு வீட்டில் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துக் குளிப்பாட்டத் தயாராக இருந்தார்கள். ஒவ்வொருவராக வந்து நல்லெண்ணெயை மூன்று தரம் தொட்டுத் தலையில் வைத்தார்கள். கிண்ணம் அவளிடம் வந்தபோது அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"பெத்த மவ இருந்தும் ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமப் போறா பாரு" என்று ஒருத்தி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அக்கா, ஒரு விரல். ஒரே ஒரு விரலு வையேன்" என்று தம்பி கெஞ்சினான்.

"நாலு நாள்ல இருநூத்திப் பன்னெண்டுடா. உன் வீட்டுக்கு மேலதான் நிக்குது அது."

அவன் கிண்ணத்தை அடுத்தவரிடம் நகர்த்தினான். அவனுக்கும் அந்த விதி தெரியும். துடைப்பவளின் சொந்தக்காரர்கள் எங்கே இருக்கிறார்களோ அதற்கு மேலே உள்ள இணைப்பைத்தான் அவளுக்குக் கொடுப்பார்கள். யாராவது முன்னால் நின்று மிரட்டத் தேவையில்லை. பின்னால் தூங்குகிறவர்களை நினைத்தாலே போதும், கை தானாக ஒழுங்காக ஓடும் என்பது நிர்வாகத்தின் கணக்கு.

அவள் எண்ணெய் வைக்கவில்லை. ஆனால் மற்றவர்கள் வைத்த எண்ணெய் நெற்றியில் வழிந்து, சரியாக மூடாத அம்மாவின் கண்ணுக்குள் இறங்கியது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவள் இடுப்பில் சொருகியிருந்த துணியை எடுத்து ஒற்றினாள். உலர்துணி. அவசரத்தில் கிடங்கில் திருப்பித் தர மறந்து அவளோடு வந்துவிட்ட துணி. அன்று சாயங்காலம் அதைச் சோப்புப் போட்டுத் துவைத்தாள், மறுபடியும் துவைத்துக் கிடங்கில் வைத்தாள். நாலாவது நாள் அதே துணியால்தான் இருநூற்றுப் பன்னிரண்டைத் துடைத்தாள். தண்ணீர் ஓட விட்டாள். பட்டுப் புடவை மாதிரி இறங்கியது. அம்மாதான் காப்பாற்றினாள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆவணி பிறந்து முதல் விடுமுறையில் தம்பி வீட்டுக்குப் போனாள். உள்ளே போகக் கூடாது, வாசற்படியோடு சரி. தம்பி மனைவி செங்கமலம் முற்றத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர்களுடைய குழந்தை பூவிழி தவழ்ந்து தவழ்ந்து அத்தையிடம் வரப் பார்க்க, செங்கமலம் காலால் தடுத்தாள்.

"அத்தைகிட்டப் போகாதடி, இப்பத்தான் எண்ணெய் தேய்ச்சிருக்கு. அத்தை தீ மாதிரி, தள்ளி நின்னு குளிர் காயணும்."

"ஏன், சாமி மாதிரின்னு சொல்லேன்" என்று தையல்நாயகி சிரித்தாள்.

"சாமிக்குத்தான் அண்டா அண்டாவா எண்ணெய் ஊத்துறோமே அண்ணி."

பேசிக்கொண்டே செங்கமலம் ஒரு வாணலியில் சோப்பைத் தேய்த்துத் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் கிழியாமல், திட்டில்லாமல், ஒரே படலமாக இறங்கியது. தையல்நாயகியின் கண் அதிலேயே நின்றது.

"சுத்தமாயிடுச்சே. இன்னும் எதுக்குத் தேய்க்கிற?"

"இதுவா சுத்தம்? நல்லாச் சொன்னீங்க. தொட்டுப் பார்த்தா வழவழன்னு இருக்கும். சோப்பு பட்டா எண்ணெய் மேலயே தண்ணி ஓடும் அண்ணி. வெறுந் தண்ணியில நாலஞ்சு வாட்டி அலசினாத்தான் உள்ளது தெரியும்." செங்கமலம் நிமிர்ந்து பார்த்தாள். "ஏன், ஒரு மாதிரி ஆயிட்டீங்க?"

எண்ணெய்ச் சட்டி கழுவுகிற எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த விஷயம். வாணலியே இல்லாத குடியிருப்பில் பதினேழு வருடமாக யாருக்கும் தெரியாத விஷயம். தையல்நாயகி தலையை உயர்த்தினாள். கூரைக்கு மேலே பச்சை வெளிச்சமாகக் கடல் நின்றது. அதில் செங்குத்தாக ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. அதுதான் இருநூற்றுப் பன்னிரண்டு.

மறுநாள் காலை வேலைக்கு முன்பே நெய்னா முகமதுவின் அறைக்குப் போனாள்.

"இருநூத்திப் பன்னெண்டோட சாட்சித் துண்டை இழுத்துப் பார்க்கணும் சார்."

ஒவ்வொரு இணைப்பை ஒட்டும்போதும் அதே துணியால் துடைத்து, அதே பசையால் இரண்டு சிறு துண்டுகளை ஒட்டி, எண் எழுதி மாட்டிவைப்பார்கள். சுவரை இழுத்துப் பார்க்க முடியாது. அதற்குப் பதிலாக இதை இழுக்கலாம். ஆனால் ஒருமுறைதான்.

"இழுத்தா போச்சேம்மா. எதுக்கு?"

அவள் சொன்னாள். துணி, கண், சோப்பு, வாணலி. நெய்னா முகமது பாதிக் கதையிலேயே எழுந்துவிட்டார். துண்டை இழுவைக் கருவியில் மாட்டித் திருகினார். முள் நூற்றைம்பதைத் தாண்ட வேண்டும். நாற்பதில் டக்கென்று ஒரு சத்தம். நல்ல இணைப்பு என்றால் பசை நடுவில் கிழிந்து இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும். இதில் ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி வெறுமையாக இருந்தது. அதில் அவர் முகம் தெரிந்தது.

வெகுநேரம் அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தகட்டுக்கு வயசாயிடுச்சுன்னு எழுதிடறேன்" என்றார் மெதுவாக. "அடைப்புப் பெட்டியை வெளிப்பக்கம் வச்சு, தண்ணி இறைச்சு, அறுத்து, மறுபடி ஒட்டிடலாம். ரெண்டு நாள் வேலை. உன் பேர் வராது."

அவளுக்கு உடம்பெல்லாம் லேசானது. சரி என்று சொல்ல வாய் திறந்தவள் வேறொன்றைக் கேட்டாள்.

"மத்தவங்களுக்கும் தண்ணி இப்படித்தானே சார் ஓடியிருக்கும்?"

"என்ன சொல்ற?"

"எல்லார் வீட்லயும் சாவு விழுந்திருக்கு. புள்ள பொறந்திருக்கு. நான் எண்ணெயைத் தொடலை சார். தொட்டவங்க எத்தனை பேரோ. தொட்டுட்டு, பயந்து பயந்து சோப்புப் போட்டுக் கழுவியிருப்பாங்க."

நெய்னா முகமது மாட்டியிருந்த துண்டுகளைப் பார்த்தார். பதினேழுதான் இருந்தன. பிளாஸ்டிக் பஞ்சத்தில் ஒரு வருடத்துக்கு மேல் எந்தச் சாட்சித் துண்டையும் வைத்திருக்க முடியாது. பிரித்து வேறு வேலைக்கு எடுத்துவிடுவார்கள். பழைய இருநூற்றுச் சொச்சம் இணைப்புகளுக்குச் சாட்சி எதுவும் கிடையாது, துடைத்தவர்களைத் தவிர.

அன்று மத்தியானம் அறுபத்துமூன்று பெண்களும் சுவரடியில் கூடினார்கள். நெய்னா முகமது சோப்பு விஷயத்தை விளக்கினார். எண்ணெய் பட்ட கையோடோ துணியோடோ துடைத்திருந்தால் அந்த இணைப்பில் சுண்ணக்கட்டியால் ஒரு குறி போட்டால் போதும், காரணம் வேண்டாம், பேர் எழுத மாட்டேன், யாரையும் மேட்டிலிருந்து இறக்க மாட்டேன் என்றார். அவர் வாக்குக் கொடுக்கிற அளவுக்கு அதிகாரம் உள்ளவரா என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருத்தியும் அசையவில்லை.

தையல்நாயகி போய் இருநூற்றுப் பன்னிரண்டில் கோடு இழுத்தாள்.

"எங்க அம்மா கண்ணுல எண்ணெய் வழிஞ்சுது. என் துணியால துடைச்சேன்."

"கிடங்குத் துணியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனியா?" குமுதவல்லியின் குரல் கீறல் விழுந்த தகடு மாதிரி வந்தது. எல்லோரும் வசவுக்காகக் காத்திருந்தார்கள். அவளுக்குப் பயந்தே பாதிப் பேர் வாய் திறக்காமல் இருந்தார்கள். "சோப்புப் போட்டா துவைச்ச?"

"ரெண்டு தடவைக்கா."

"தண்ணி நல்லா ஓடுச்சா?"

"நல்லா ஓடுச்சு."

குமுதவல்லி வந்து அவள் கையிலிருந்த சுண்ணக்கட்டியைப் பிடுங்கினாள். சுவரோரமாக நடந்தாள். நடந்துகொண்டே இருந்தாள். எண்பத்தெட்டாம் இணைப்பின் முன்னால் போய் நின்றாள்.

எண்பத்தெட்டு ஊருக்கே தெரியும். ஆறு வருடத்துக்கு முன் ஒரு கார்த்திகை மழையில் பிளந்தது அது. பதினோரு பேர் போனார்கள். அதில் குமுதவல்லியின் மகளும் நாலு வயதுப் பேத்தியும் உண்டு. தகடு பழசு என்று விசாரணையில் எழுதினார்கள். அதற்குப் பிறகுதான் அவள் துடைப்பதை விட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்தாள்.

"அது புதுசாப் போட்டதும்மா" என்றார் நெய்னா முகமது. "அதுக்குக் குறி வேணாம்."

அவள் காதில் வாங்கவில்லை. அழுத்திக் கோடு போட்டாள். சுண்ணக்கட்டி உடைந்தது.

"பொறந்து பதினோராம் நாளு" என்றாள், சுவரைப் பார்த்தே. "ஒரே ஒரு தடவைதான் எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டினேன். ஏழு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினேன்டி. ஏழு தடவை."

ஜெசிந்தா ஓடிப்போய் அவளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அழுதுகொண்டே தன் நூற்று நாற்பதில் கோடு போட்டாள். வேளாங்கண்ணியிலிருந்து வந்த எண்ணெயைத் தம்பியின் காய்ச்சலுக்கு நெற்றியில் தடவினாளாம். கதீஜா வாப்பாவுக்குக் கடைசியாக அத்தர் பூசியிருந்தாள். ஒருத்தி குறி மட்டும் போட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பினாள். யாரும் கேட்கவில்லை.

வெயில் சாய்வதற்குள் எண்பத்தெட்டைத் தவிர முப்பத்தொரு குறி விழுந்தது.

அடைப்புப் பெட்டி ஒன்றுதான் இருந்தது. ஒரு இணைப்புக்கு இரண்டு நாள் என்றால் அறுபத்திரண்டு நாள். மழைக்கு இன்னும் ஒன்றரை மாதம்கூட இல்லை. குறி விழுந்த சுவருக்குப் பின்னால் இருக்கிற எல்லோரையும் மேட்டுக்கு ஏற்ற இடமும் இல்லை. மேட்டில் ஏற்கெனவே ஆள் மேல் ஆள். எட்டு இணைப்புகளுக்குப் பின்னால் இருந்தவர்களைத்தான் நெருக்கியடித்து ஏற்ற முடிந்தது.

"எதுலேருந்து ஆரம்பிக்கிறது? நீதான் முதல்ல வாயைத் திறந்த. நீயே சொல்லு" என்றார் நெய்னா முகமது. அவர் கண்ணில் ஒரு சலுகை இருந்தது. எடுத்துக்கொள் என்றது அது.

தையல்நாயகிக்கு அது புரியாமல் இல்லை. ஆனால் எண்ணெய் இருந்த இடத்தில் கடல் உடனே நுழையாது, வருடக்கணக்கில் ஊறி ஊறித்தான் நுழையும் என்று அவளுக்குத் தெரியும். ஊறிய நாள் அதிகமானால் ஆபத்தும் அதிகம். அது எல்லோருக்கும் தெரியும். அவள் வாய் திறந்து வேறு எதைச் சொன்னாலும் தம்பிக்காகத்தான் சொல்கிறாள் என்று மற்ற முப்பது பேரும் தெரிந்துகொள்வார்கள்.

"பழசுலேருந்து" என்றாள். "அதுதான் முறை."

எல்லாவற்றிலும் புதியது இருநூற்றுப் பன்னிரண்டு. முப்பத்தொன்றாவது.

தம்பிக்கு அவளே போய்ச் சொன்னாள். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். "அப்ப நாங்க என்ன பண்ண?" என்று மட்டும் கேட்டான். அவள் தானும் கீழே வந்து அவர்களோடு இருந்துவிடுவதாகச் சொன்னாள். நெய்னா முகமது ஒத்துக்கொள்ளவில்லை. எண்ணெய் வீட்டில் படுத்து எழுந்தால் அவள் கை சுவருக்கு ஆகாது. இருக்கிற கைகளில் ஒன்று குறைந்தால் வேலை இன்னும் தள்ளிப் போகும். அவள் மேட்டிலேயே படுத்தாள். தினமும் காலையில் அவித்ததைத் தின்றாள். குமுதவல்லி இப்போது ஆவி ஊதிய பிறகும் கையைத் தொட்டுப் பார்த்துத்தான் அனுப்பினாள். எல்லோரும் வெறுந் தண்ணீரில் ஐந்து முறை அலசினார்கள்.

ஐப்பசி மூன்றாம் தேதி மழை பிடித்துக்கொண்டது. அன்று இருபத்துநாலாவது, ஜெசிந்தாவின் நூற்று நாற்பது. கிடுகும் தார்ப்பாயும் கட்டிய மறைப்புக்குள் தையல்நாயகி நின்றாள். வெளியே அடைப்புப் பெட்டியின்மேல் அலை மோதுகிற சத்தம் நெஞ்சுக்குள் விழுந்தது. நீர்மட்டம் காலையிலிருந்து ஒரு முழம் ஏறியிருந்தது.

மறைப்பின் ஓரத்தில் செங்கமலம் வந்து நின்றாள், தலையில் கோணிப்பை, இடுப்பில் குழந்தை. கீழத்தெருவிலிருந்து சேற்றில் நடந்தே வந்திருக்கிறாள்.

"அண்ணி, நம்மளுதுக்கு இன்னும் எத்தனை?"

"இதோட சேர்த்து ஏழு."

"பதினாலு நாளா?" செங்கமலம் கடலைப் பார்த்தாள். "ராத்திரி ஒட்டுல கசிவு கேக்குது அண்ணி. உங்க தம்பி காதை வச்சுக்கிட்டே படுத்திருக்காரு. ஊரான் ஊட்டு இணைப்பையெல்லாம் இப்படித் தடவித் தடவித் துடைக்கிறீங்களே. கொஞ்சம் வெரசாத் துடைக்கக் கூடாதா?"

குழந்தை அத்தையைப் பார்த்துக் கையை நீட்டியது. ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டு கரைப்பான் கிண்ணத்தை ஏந்தி நின்றாள். அவளுடைய தம்பியும் அவன் பிள்ளைகளும் இந்தச் சுவருக்கு நேர் கீழேதான் இருந்தார்கள்.

தையல்நாயகி கிண்ணத்தில் துணியை நனைத்தாள். ஈரத்துணியை மேலே வைத்து, மெதுவாக, ஒரே சீராக, கீழ்வரை இழுத்தாள். எடுத்தாள். அது காய்வதற்குள் உலர்துணியை அதே தடத்தில் இழுத்தாள். துணியை மடித்துப் புதுப்பக்கம் திருப்பிக்கொண்டு, அடுத்த தடத்தின் உச்சியில் கை வைத்தாள்.